ஞாயிறு நாலு மணி

"முடியாது தம்பி. ஞாயிறு நாலு மணி என்னோட முறை. சீட்டுல எனக்கு விழுந்தது."

சமையல்காரர் வெங்காயத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஃபிட்டர் கெஞ்சினான். "ஒரே ஒரு வாரம் மாத்திக் கொடுங்கண்ணே. எனக்குப் புதன்கிழமை ராத்திரி விழுந்திருக்கு. அந்த நேரம் எங்க வீட்டுல நடுராத்திரி. கப்பல் ஏறி ஒன்பது மாசமாச்சு, எம்பொண்ணு தூங்குறதைத்தான் போன்ல பார்த்துட்டிருக்கேன். முழிச்சிருந்தா எப்படி இருப்பான்னே தெரியாது."

"உனக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. முறைன்னா முறைதான்."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்த மனுஷனிடம் இருபது நிமிஷம் வாங்க முடியாது என்று முணுமுணுத்தபடி ஃபிட்டர் வெளியே வந்தான்.

அந்தச் சரக்குக் கப்பலில் பதினெட்டு பேர். எல்லோருக்கும் சேர்த்து கம்பெனி கொடுத்திருந்த இன்டர்நெட்டோ நூல் மாதிரி. ஒருவர் வீடியோவில் பேசினால் வீட்டு முகம் தெரியும். இரண்டு பேர் பேசினால் இரண்டு பேருக்கும் படம் அப்படியே நின்றுவிடும்.

ஆரம்பத்தில் பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "அவன் வைக்கட்டும், நான் வைக்கிறேன்" என்று ஆளாளுக்கு விறைத்துக்கொண்டு இருந்தார்கள். வைத்தவன் ஏமாளி ஆகிவிடுவான் என்ற பயம். அடிதடி ஆகாத குறை.

பூனைக்கு மணி கட்டியவன் நம்ம ஃபிட்டர்தான். சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு வாரத்தில் இருபது நிமிஷம் என்று முறை போட்டான். ஒருவர் பேசும்போது மற்ற பதினேழு போனும் சாப்பாட்டு அறை டப்பாவில் இருக்க வேண்டும். டப்பாவுக்குக் காவல் சமையல்காரர்.

அதற்கப்புறம்தான் கப்பலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் வாரம் ஒருமுறையாவது வீட்டைப் பார்த்தார்கள்.

அந்த முறையைப் போட்டவனே அடுத்த ஞாயிறு டப்பாவில் செத்துப்போன பழைய போனைப் போட்டான். நல்ல போன் பனியனுக்குள் இருந்தது. வேலியே பயிரை மேயப் புறப்பட்டது.

'என் ஒருத்தனால என்ன ஆயிடப் போகுது? அந்தக் கல்நெஞ்சுக்காரருக்குப் படம் கொஞ்சம் திக்கும். திக்கட்டுமே!'

அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. குழந்தை முழித்திருந்தது! அவனைப் பார்த்து, யாரிது என்பது போல் முழித்தது. அப்புறம் சிரித்தது. ஃபிட்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்தக் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம். அங்கே சமையல்காரர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "அப்புறம் சொல்லும்மா... அப்படியா! ஹஹ்ஹா..."

அவருக்கும் திக்கவில்லை போல. அதிர்ஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிறு ஏழு ஞாயிறு ஆயிற்று. குழந்தைக்குப் பல் வந்ததைப் பார்த்தான். தவழ்ந்ததைப் பார்த்தான். ஏழாவது ஞாயிறு அது நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு அடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா? இன்னிக்குத்தான் முதல் தடவை!" என்றாள் மனைவி. "ஏங்க, கேட்கணும்னு நினைச்சேன். தடுப்பூசி போடப் போன இடத்துல உங்க சமையல்காரர் வீட்டு அக்காவைப் பார்த்தேன். அழாத குறைங்க. ஏழு வாரமா அவர் பேசவே இல்லையாம். கடல்ல லைன் கிடைக்கலைன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புறாராம். அவங்க ஞாயித்துக்கிழமை ஆனா தலை சீவி, நல்ல புடவை கட்டி, போனை மடியில வெச்சுட்டு உட்கார்ந்துடுவாங்களாம். உங்களுக்கு மட்டும் எப்படிங்க லைன் கிடைக்குது?"



சுவருக்கு அந்தப் பக்கம், "ஆமாம்மா, வேளைக்குச் சாப்பிடறேம்மா" என்று குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம் இரு" என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினான். ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தான்.

மாவு மூட்டை மேல் சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். காதில் போன். அது அணைந்து கிடந்தது.

அவர் விரலை உதட்டில் வைத்தார். "கதவைச் சாத்து."

"அண்ணே... உங்களுக்குத் தெரியுமா?"

"டப்பாவுல நீ போடற போன் ஒரு நாளாவது மினுங்கியிருக்கா? முதல் வாரமே தெரியும்."

"அப்போ நான் கேட்டப்பவே கொடுத்திருக்கலாமே!"

"நாலு பேர் அறியக் கொடுத்தா அத்தனை பேரும் கேட்பான். நீ திருடுறேன்னு தெரிஞ்சா அத்தனை பேரும் திருடுவான். அப்புறம் பழையபடி ஒருத்தனுக்கும் ஒரு முகமும் தெரியாது. அதான் வெளியில கேட்கட்டும்னு சத்தமாப் பேசிட்டிருக்கேன்."

"அக்கா அங்கே காத்துட்டிருக்காங்கண்ணே. நான் பேசினா என்ன, நீங்களும் போட்டுப் பேசியிருக்கலாமே?"

"ரெண்டு பேரும் போட்டா ரெண்டு பேருக்குமே தெரியாதே." சமையல்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "அவ முகம் எனக்கு மனப்பாடம் தம்பி. குழந்தை முகம் வாரத்துக்கு வாரம் மாறும். போ, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."