வலை நூல்

வண்டியைத் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் டக்டக்கென்று சத்தம். மதுரை தாண்டும்வரை வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது. வேறு வழியில்லாமல் லிங்கராஜ் முத்தையாபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினான்.

மெக்கானிக் சிலுவை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"ஆக்சில் மேல இருக்க ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு தம்பி. மண்ணு உள்ள போயிட்டு. அதான் சத்தம்."

"மதுரை வரைக்கும் தாங்குமா அண்ணாச்சி?"

"கிழிசல வலை நூலால சுத்தியிருக்கே, யாரு கெட்டுனது?"

"நான்தான். சொந்த வண்டியாச்சே."

வெளியே வந்த சிலுவை கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிச் சாவியை உருவித் தன் பையில் போட்டார்.

"ஏலே, நம்பர் பிளேட்ட மாத்துன நீ, அடியில பாக்கலியா? அந்த முடிச்சு நேத்து எங்க மச்சான் வண்டிக்கு நான் போட்டது."