ஜெர்மனிக்கு நாலு பேர்

தனித்தனியே பேரெடுத்த நான்கு கலைஞர்கள் சேர்ந்த ஜாஸ் குழு அது. டிரம்ஸ் பரசுராமன் பயணத்துக்குப் புறப்படவில்லை என்றதும், பாஸ் கிட்டார் ஸ்ரீவாணி வேப்பம்பட்டிலிருந்த அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“இன்னாண்ணா, நாளைக்கு ஜெர்மனி. இப்ப வரலைன்றீங்க?”

“வேற ஆளப் பாத்துக்கோம்மா.”

“உங்கள மாதிரி யாரு வாசிப்பாங்க?”

அவர் தலை குனிந்துகொண்டார்.

“எனக்குக் காது போய்க்கினே இருக்கும்மா. உன் கையப் பாத்துதான் தாளம் புடிக்கிறேன். ஒருநாள் தாளம் தப்பிடுச்சின்னா உங்க மூணு பேரு பேரும் கெட்டுடும்.”

ஸ்ரீவாணி அவர் முகத்தை நிமிர்த்தி, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்.

“எங்களுக்குத் தெரியும்ணா. அதான் ஒரு வருஷமா ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கினு, உங்களப் பாத்தே வாசிக்கிறேன். திமிருன்னு திட்றாங்க. திட்டட்டும். பெட்டிய எடுங்க.”