சிவப்பா, நீலமா

இடது தோளில் சிவப்பு. வலது தோளில் நீலம். காரின் டர்போவுக்குக் காற்று கொண்டுபோகும் சிலிக்கான் ஹோஸ்கள் இரண்டையும் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு நைரோபி வெயிலில் நின்றிருந்தேன்.

ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வாரமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை.

க்ரோகன் கடைத்தெருவில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நியாக்கியோதான் பொறுமை இழந்தாள். "ரெண்டையும் எடுத்துட்டுப் போய்யா. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணக் கொண்டாந்து குடு" என்று என் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

நான் ஒர்க்ஷாப்புக்குத் திரும்புவதற்குள் மெக்கானிக் ஓச்சோலா இஞ்சின் மேலிருந்த அலுமினியக் கூட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டான். ஹோஸ் அதற்கு அடியில்தான் போகும். மறுபடி மூடிவிட்டால் கடவுளே வந்தாலும் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

"யார் கண்ணுக்கும் படாத சாமானுக்கு என்னடா கலரு? உள்பனியனுக்கு இஸ்திரி போடுற ஆளுடா நீ" என்றான்.

"உள்ள என்ன கலர்னு எனக்குத் தெரியுமே" என்றேன். சொல்லும்போது அது பெரிய தத்துவம் மாதிரி இருந்தது.

கார் உண்மையில் என் அண்ணன் கினோட்டியுடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியர். நாற்பதுக்கு மேல் ஓட்டினால் நேரே நரகம்தான் என்று நம்புகிறவர். மொம்பாசா துறைமுகத்தில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினார். அதில் வேகத்தைக் கூட்டும் டர்போ இருப்பதே அவருக்குத் தெரியாது என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம்.

போன வருடம் காரை எனக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பானெட்டுக்குள் எதையும் கழற்றக் கூடாது. "பொடிப்பசங்க மாதிரி உள்ள எதையாவது மாட்டினேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சாவியத் திருப்பிக் குடுத்துடணும்."

முப்பத்து நான்கு வயதில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு கார்தான். அதுவும் என்னுடையதல்ல.

ஆனாலும் என் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பழைய ஹோஸ் குனிந்து பார்த்தால் கொஞ்சம் தெரியும். அதை அண்ணன் முழுக்கக் கருப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். வெடித்த ரப்பருக்குக் கட்டுப் போட்டிருக்கிறார், மகா கஞ்சன் என்று ஓச்சோலாவும் நானும் முடிவு செய்தோம்.

காலையில் அண்ணன் போன் செய்து, சர்ச் கூட்டத்துக்குப் போகணும், காரைக் கொண்டுவா என்றார். கழுவ விட்டிருக்கிறேன் என்று புளுகினேன். எந்த இடத்தில் என்று கேட்டார். ஓச்சோலாவின் ஒர்க்ஷாப் சுவரை ஒட்டி இருக்கும் கார் கழுவும் இடத்தைச் சொன்னேன். ஒரு பொய்க்கு நாலடி தள்ளி யோசிக்கக்கூட எனக்குத் துப்பில்லை.

ஓச்சோலா அலுமினியக் கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்த நேரம், வாசலில் பைக் டாக்ஸி வந்து நின்றது. கோட்டும் டையுமாக அண்ணன் இறங்கினார்.

திறந்த பானெட். தோளுக்கு ஒரு நிறமாக நான்.

"மூடுடா அத. மொதல்ல மூடு."

குரல் நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அவரை இவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை.

பிறகு கையை நீட்டினார். "சாவி."

வைத்தேன். கார் போயிற்று என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. அழும்போது துடைத்துக்கொள்ளத் தோளில் இருந்ததெல்லாம் சிலிக்கான்.

ஓச்சோலாவுக்குப் பொறுக்கவில்லை. "சார், தம்பி மேல தப்பே இல்ல. உங்க ஹோஸ் எந்த லட்சணத்துல இருக்குன்னு நீங்களே பாருங்க" என்று டேப்பில் பிளேடை வைத்தான்.

"வேணாம்ப்பா" என்றார் அண்ணன், மிக மெதுவாக.

டேப் உரிந்தது.

அடியில் வெடிப்பு இல்லை. ரப்பரே இல்லை. கத்தரிப்பூ நிறத்தில், பளபளவென்று, சிலிக்கான் ஹோஸ்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காருக்குத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் டையைச் சரிசெய்துகொண்டார். என் இடது தோளிலிருந்த சிவப்பு ஹோஸை எடுத்தார். வளைத்துப் பார்த்தார். உள்ளே இரண்டு விரலை விட்டு, விவரம் தெரிந்தவர் போல ஒரு சுற்றுத் தடவினார்.

சாவியை என் சட்டைப் பையில் போட்டார்.

"நான் கடைக்குப் போன அன்னிக்கு செவப்பு தீந்துபோச்சுடா" என்றார்.