நல்லாப் பாடிடாதீங்க

பாட்டு மாஸ்டர் கத்தியை டிரம்மின் வயிற்றில் இறக்கினார். தோல் கிழிந்த சத்தத்தில் பத்தொன்பது பிள்ளைகளும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"யாரும் வெளியே மூச்சு விடக் கூடாது," என்றார். "தலைமை ஆசிரியை பயிற்சிக்குப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள காரியம் முடிஞ்சிடணும்."

அடுத்து வயலின். இரண்டு தந்திகளை வெட்டியபோது ஒன்று சுருண்டு வந்து அவர் கன்னத்தைக் கீறியது. அவர் துடைக்கவில்லை. கொஞ்சம் ரத்தமும் இருந்தால் நல்லதுதான்.

மேடைக்கு ஸ்பீக்கர், மைக், விளக்கு கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு மாஸ்டர் எழுதியிருந்தார். போன ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடியது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. நான்காவது வரிசையில் இருந்தவர்கள் மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அந்த அவமானத்தில் பாட்டு வகுப்பில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷமும் அப்படியே போனால் மிச்சம் இருப்பவர்களும் கரைந்துவிடுவார்கள்.

அறக்கட்டளையின் பதில் சுருக்கமாக இருந்தது: 'எங்கள் ஆள் இந்த வாரம் சொல்லாமல் வருவார். மிகவும் மோசமான நிலையில் உள்ள ஒரு பள்ளிக்கு மட்டும் உதவி.'

"சார், நல்லாப் பாடினா தர மாட்டாங்களா?" என்றாள் பன்னிரண்டாம் வகுப்புக்காரி. அவள் பட்டப்பெயர் மைக்செட். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே மைக்செட்டும் அவள்தான்.

"நல்லாப் பாடினா, மைக் இல்லாமலே அமர்க்களமா பாடுறீங்களேன்னு கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்க. அழுத பிள்ளைக்குத்தாம்மா பால். நீ மூக்கால பாடு."

"சும்மா மூக்காலயா, சளி பிடிச்ச மூக்காலயா சார்?"

"சளி."

வாட்ச்மேன் கதவைத் திறந்தார். "பாட்டு வகுப்பைப் பார்க்கணுமாம் சார்."

உள்ளே வந்தவருக்குச் சிரித்துப் பழக்கமில்லாத முகம். கக்கத்தில் ஃபைல். மாஸ்டரின் வணக்கத்துக்குத் தலையை ஒரு நூல் அசைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி அறையை அளந்தார். முதலில் நீளம், பிறகு அகலம். கிழிந்த டிரம்மைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அங்கேயும் அளந்தார்.

"இங்க எத்தனை பெஞ்ச் போடலாம்?"

"நாப்பது பேர் தாராளமா உட்காரலாம் சார்," என்றார் மாஸ்டர். கேட்க வருகிறவர்களைப் பற்றிக்கூட யோசிக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனிதர்.

"சரி, ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். வயலின் முனகியது. டிரம், செத்ததை அடிப்பதுபோல் சத்தம் கொடுத்தது. ஜன்னலில் இருந்த புறாக்கள் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. மைக்செட் சொன்னபடி மூக்கால் பாடினாள்; சுருதி விலகும் ஒவ்வொரு இடத்திலும், யாரோ கிள்ளியதுபோல் அவள் கண்ணில் நீர் முட்டியது. வந்தவர் அவளையே பார்த்தபடி சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டே இருந்தார்.

பாட்டு நின்றது.

"தினமும் இப்படித்தானா?"

"இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை சார்," என்றார் மாஸ்டர், தலையைக் குனிந்தபடி.

வந்தவர் ஃபைலை மூட வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "ஏழு பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் பிள்ளைங்க உயிரைக் கொடுத்துப் பாடினாங்க. இப்படி ஒண்ணை எங்கயும் கேட்டதில்லை."

ஏழு பள்ளிகளும் உயிரைக் கொடுத்துக் கோட்டை விட்டிருக்கின்றன. மாஸ்டர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கட்டைவிரலைக் காட்டினார். மைக்செட் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ, எங்க பள்ளிக்கூடம்தானா சார்?"

"இதுல என்ன சந்தேகம்," என்றபடி அவர் பேனாவைப் பையில் செருகினார். "எட்டுப் பள்ளிக்கூடத்துல ஒரு பாட்டு வகுப்பை மூடிடச் சொல்லி கல்வி ஆபீஸ்ல உத்தரவு, எதை மூடுறதுன்னு இதுவரைக்கும் தவிச்சுக்கிட்டு இருந்தேன்."