நான்காவது ஆள்

மருத்துவமனைகளுக்கென்று பேரவை ஒதுக்கிய பணத்தை எல்லைச் சுவருக்கு மாற்றச் சொல்லும் ஆணையுடன் அதிபரின் செயலாளர் கருவூலத்துக்கு வந்தார். தலைமை அதிகாரி வேதவல்லி அதை இரண்டு முறை படித்தார்.

“பேரவை ஒப்புதல் எங்க சார்?”

“அவசரநிலை போட்டாச்சு மேடம். உங்கள இப்பவே வேலைய விட்டுத் தூக்கலாம்.”

“தூக்கலாம். அதுக்கு அதிபருக்கு அதிகாரம் இருக்கு. இதுக்கு இல்ல.”

தூக்கினார்கள். வேதவல்லி வீட்டுக்குப் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய நாற்காலியில் அமர்த்தப்பட்ட துணை அதிகாரி, ஆணையைப் படித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவரும் பெஞ்சுக்கு வந்தார். மூன்றாமவர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அதையே கேட்டார்.

“உங்க எல்லாருக்கும் ஒரே வாத்தியாரா?” என்றார் செயலாளர். மூன்றாமவரும் எழுந்து பெஞ்சுக்குப் போனார்.

அடுத்து இளநிலை அதிகாரி எபனேசரை அழைத்தார்கள். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவிக்கு எட்டாம் மாதம். அவன் படித்து முடிப்பதற்குள், கையெழுத்து போட வேண்டிய இடத்தில் செயலாளர் விரலை வைத்தார்.

எபனேசர் பேனா மூடியைக் கழற்றினான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெஞ்சில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.