நாற்பத்திரண்டு சொட்டு

நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு. நோட்டில் இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வார்டில் தனியாகப் படுத்திருந்த கிழவர் பைலி அப்பச்சனுக்கு ட்ரிப்பை ஓடவிட்டாள் லிஜி. நர்சிங் படிக்க வந்த பிறகு அவள் தனியாகப் போட்ட முதல் சலைன் பாட்டில்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் இருபதுதான் விழுந்தது.

"கையை மடக்கினீங்களா அப்பச்சா?"

"இல்லையே மோளே. எண்ணிப் பாரு."

குழாயில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த சிறு சக்கரத்தைத் திருகிச் சரிசெய்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி அருகிலேயே நின்று எண்ணினாள்.

"உனக்கு எந்த ஊரு மோளே?"

"பேச்சுக் கொடுக்காதீங்க. எண்ணிக்கை தப்பிடும்."

"தப்பினா மறுபடி எண்ணு."

அடுத்த முறை பதினெட்டு. காலை முழுக்க இதே கதைதான்.

மதியம் வார்டுப் பொறுப்பில் இருந்த ரோசம்மா சிஸ்டர் பார்த்துவிட்டார். "நாலு மணி நேரத்துல தீர வேண்டியது, இன்னும் பாதி பாட்டில் நிக்குது! சொட்டு எண்ணத் தெரியல, நீயெல்லாம் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் போறியா?"

பக்கத்துக் கட்டிலைச் சுற்றிக் கஞ்சியும் பயறுமாக உட்கார்ந்திருந்த குடும்பமே திரும்பிப் பார்த்தது. லிஜிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபடி சரிசெய்தாள். போவதுபோல் போய்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அப்பச்சன் இரண்டு பக்கமும் பார்த்தார். ஊசி குத்தாத கையை மெல்ல நீட்டிச் சக்கரத்தை இறுக்கினார்.

"அப்பச்சா! உங்களால எனக்குத்தானே திட்டு விழுது!"

கிழவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தப்புதான் மோளே. ஆனா, அது ஒழுங்கா ஓடினா எங்கிட்ட யாரு வருவா?"