மறுபக்கம் போகாத குண்டு

"மானுக்குள்ளேயே நின்னுடுற மாதிரி குண்டு இருக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

விடிந்தால் மான் வேட்டைக் காலம். காலையிலிருந்து துப்பாக்கிக் கடையில் நிற்க இடமில்லாமல் இருந்து, அப்போதுதான் கூட்டம் சற்று அடங்கியிருந்தது. மெர்ல் மட்டும் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் வாங்க வருகிறவன் இல்லை, பேச வருகிறவன்.

அவளுக்கு அறுபது வயதிருக்கும். கோட்டில் பனி உருகிச் சொட்டியது. மிச்சிகனின் இந்த வடகோடியில் எனக்குத் தெரியாத முகம் குறைவு. இது தெரியாத முகம்.

"யார் சுடப் போறது? நீங்களா?"

"என் வீட்டுக்காரர். வண்டியில இருக்கார்."

"உள்ள வரச் சொல்லுங்களேன். தோள்ல வெச்சுப் பாத்து வாங்குறதுதான் நல்லது."

"வரமாட்டார். நீயே ஒண்ணு வாங்கிட்டு வான்னுட்டார்."

நான் வழக்கம்போல தேர்ட்டி ஆட் சிக்ஸ் துப்பாக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இந்தப் பக்கத்துல பாதி மான் இதுலதான் விழுந்திருக்கு. இப்படி நுழைஞ்சு அப்படிப் போயிட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் ஓட்டை. பனியில ரத்தத்தைப் பாத்துட்டே போய் மானை எடுத்துக்கலாம்."

அவள் அதைத் தொடவில்லை.

"இது வேணாம். இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டுல இருந்தது. நான்தான் ஏரியில போட்டுட்டேன்."

மெர்ல் சிரித்தான். "நல்ல வேளை, வீட்டுக்காரரைப் போடாம விட்டீங்களே!"

அவள் சிரிக்கவில்லை. நான் த்ரீ நாட் எய்ட்டை எடுத்தேன். அதுவும் மறுபக்கம் போகுமா என்று கேட்டாள். போகும் என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"கறி வீணாப் போகுதுன்னு பாக்குறீங்களா?"

"கறியைப் பத்தி இல்ல."

கடைசியில் டூ ஃபார்ட்டி த்ரீயை எடுத்தேன். மெலிந்த தோட்டா, சுடும்போது தோளில் உதைப்பதும் குறைவு.

"டேய் கோர்டி, அது புதுசாப் பழகுறவங்க சுடுறதுடா," என்றான் மெர்ல். ஜன்னல் வழியே வண்டியை எட்டிப் பார்த்தான். "அங்க உக்காந்திருக்கிற ஆளைப் பாத்தியா? கரடி மாதிரி இருக்கார். இதைத் தூக்கிட்டுப் போனா கூட வர்றவனுங்க சிரிச்சே சாவானுங்க."

"சிரிக்கட்டும்," என்றாள். பிறகு என்னிடம், "இது உள்ளேயே நிக்குமா?"

"பெரும்பாலும் நிக்கும். லேசான குண்டு, முனை மெத்துனு இருக்கும். உள்ள போனதும் நொறுங்கிடும். எலும்புல பட்டா நிச்சயமா நின்னுடும்."

"எலும்புல படலேன்னா?"

நான் பின்னாலிருந்த தோட்டா அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

"நிச்சயமா நிக்கிறது ஒண்ணுகூடக் கிடையாதா?"

தோட்டாப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபது வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன். குண்டு மறுபக்கம் போக வேண்டும் என்று கேட்டவர்கள்தான் எல்லோரும்.

"அப்படி உறுதி சொல்ற குண்டு எதுவும் இல்லைங்க. சுடுறதுக்கு முன்னாடி மானுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும். அது ஒண்ணுதான் வழி."

"அது அவருக்குத் தெரியும். ரெண்டு பசங்களுக்கும் அவர்தான் சொல்லிக் குடுத்தார்."

ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"போன வருஷம் பனி கொட்டுச்சு. அஞ்சடி தூரம் தெரியும், அடுத்த நிமிஷம் அதுவும் தெரியாது. கொஞ்சம் விட்டப்போ மான் நின்னுட்டிருந்தது. சுட்டார். சரியாத்தான் சுட்டார், மான் அந்த இடத்துலயே விழுந்துச்சு."

அவள் குரல் மாறவே இல்லை.

"பெரியவன் அதுக்குப் பின்னால மேட்டுல ஏறி வந்துட்டிருந்தான்."

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"அப்புறம் ஏங்க இப்போ..." என்று ஆரம்பித்து நான் நிறுத்திக்கொண்டேன்.

"அன்னையிலேர்ந்து அவர் நாற்காலியை விட்டு எந்திரிக்கலை. சோறு வெச்சா சாப்பிடுவார், இல்லேன்னா கேக்கமாட்டார். நேத்து சின்னவன் போய், வாங்கப்பா, நாம போலாம்னான். சரின்னு எந்திரிச்சு ஷூவைத் தேடினார். தானா எந்திரிச்சார்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எந்த வாயால வேணாம்னு சொல்லுவேன்?"

அந்த டூ ஃபார்ட்டி த்ரீயையே கட்டச் சொன்னாள். இருந்ததிலேயே லேசான குண்டுள்ள தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தேன். கதவுவரை போனவள் திரும்பி, "எங்க ஊர்ல கேக்க முடியலை. அதான் இவ்வளவு தூரம் வந்தேன்," என்றாள்.

துப்பாக்கிப் பையை நானே வண்டிவரை தூக்கிக்கொண்டு போனேன். முன் இருக்கையில் இருந்த பருத்த மனிதர் கண்ணாடியை இறக்கி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அவள் பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் உடம்புக்கு அப்பால் ஓட்டுநர் இருக்கையில் இன்னொருவன் இருப்பது அதுவரை எனக்குத் தெரியவே இல்லை. அவன் குனிந்து எட்டிப் பார்த்தான். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராகவே வந்திருந்தான். அப்பா தன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற சந்தோஷம் அவன் முகம் முழுக்க இருந்தது.

"என்னண்ணே, எங்கப்பாவுக்கு எது குடுத்தீங்க? நல்லா அடிக்குமா?"

பின் இருக்கையில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்வதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

"நல்லா அடிக்கும் தம்பி."